குளத்து நீரும் கொள்கைக் கல்வியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உன்னிச்சைக் குளத்து நீர் எங்கெங்கே போகின்றது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு பங்கு துருசு வழியே வாய்க்காலில் இறங்கி வயலுக்குச் செல்கின்றது. மற்றொரு பங்கு வவுணதீவிலே சுத்திகரிக்கப்பட்டு, மட்டக்களப்பு நகரத்து வீடுகளின் குழாய்களில் வருகின்றது. மாரியில் வான்கதவுகள் திறந்தாலோ, மிகுதி நீர் தாழ்நிலங்களை மூடிப் பாய்கின்றது. எவ்வளவு நீர், யாருக்கு, எந்த நாளில்? பெய்வது மட்டுமே மழையின் வேலை. பங்கிடுவது மனிதரின் தீர்மானம். இத்தகைய தீர்மானத்தை ஆராய்ந்து செய்யும் வழிக்கே பொதுக்கொள்கை என்று பெயர். அதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துணைப்பாடமாகக் கற்பதன் பயனைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் பொருட்பாலில் வைத்திருக்கின்றார். மேல்நாட்டிலே ஹரல்ட் லாஸ்வெல் முதலிய அறிஞர்கள் 1951ஆம் ஆண்டளவில் இதனைத் தனித்த ஆய்வுத் துறையாக வகுக்க முற்பட்டனர். நம் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்து அரசியல் விஞ்ஞானத் துறை, பொதுக்கொள்கையையும் தன் பெயரிலே சேர்த்துக்கொண்டது.

“இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று பெரியோர் கேட்பர். நியாயமான கேள்வி. இது மட்டும் படித்தால் கிடைக்கும் என்று நாம் உறுதி கூற மாட்டோம். அதனாலேயே இதனைத் துணைப்பாடம் என்கின்றோம். விவசாயம் படிப்பவர் விவசாயத்தையே பிரதானமாகப் படிக்கட்டும். வர்த்தகமோ தமிழோ படிப்பவரும் அவ்வாறே. ஆனால் நெற்பயிருக்கு எத்தனை நாள் நீர் வேண்டும் என்று அறிந்த மாணவர், அந்த நீர் கடைவாய்க்கால் வயலுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதையும் அறிய வேண்டாமா? முதலாவது பயிரின் கணக்கு. இரண்டாவது மனிதரின் கணக்கு.

இதற்கு அயலிலேயே ஓர் உதாரணம் உண்டு. கல்லோயாத் திட்டம் 1949இல் ஆரம்பமாயிற்று. அம்பாறை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதி. காலம் செல்லச் செல்ல அதன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன. தலைப்பகுதியார் நீரை மிகுதியாக எடுத்தனர். கடைப்பகுதியாருக்குச் சிறுபோகத்தில் நீர் எட்டுவது அரிதாயிற்று. 1980களின் தொடக்கத்தில், கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சி செய்தன. இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அனுப்பி, விவசாயிகளின் நடுவே குடியிருக்கச் செய்தன. அவர்கள் முதலில் கேட்டனர், பிறகே பேசினர். ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோரை ஒன்று கூட்டினர். விவசாயிகள் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்ட நீரைக் கடைப்பகுதிக்கு விட்டனர். தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகளும் கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகளும் இருந்த இடங்களிலும் இது நடந்தது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியான எலினோர் ஒஸ்ட்ரம், 1990இல் வெளியிட்ட தம் நூலில் இம்முயற்சியை எடுத்தாராய்ந்துள்ளார்.

இக்கதையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அந்த அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் இருக்கவில்லை. ஆசிரியர் வேலை முதலிய நிலையான தொழில் கிடைத்தபோது பலர் விட்டுச் சென்றனர். அவர்கள் மீது குறை சொல்லலாமா? வாய்க்காலைச் சீர்செய்த திட்டம், அதைச் செய்தவரின் வாழ்வை எண்ணவில்லை. நல்ல நோக்கம் வேறு, நல்ல கொள்கை வேறு என்பதை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூல் சொல்லும்?

இளைஞர்களே, கொள்கை உங்களைத் தொடாத பொருள் என்று எண்ண வேண்டாம். 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இல்லையேல் நம்முள் பலர் பள்ளியைத் தாண்டியிருக்க மாட்டோம். பல்கலைக்கழக அனுமதியில், பல பாடநெறிகளுக்கு 5 சதவீத இடங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. அவ்வாறு உள்ளே சென்றவர் தாழ வேண்டியதில்லை. ஆனால் அந்த விதி ஏன் வந்தது, அதனால் யார் பயனடைந்தனர், யார் இழந்தனர் என்பதை நடுநிலையோடு ஆராயும் கடமை அவருக்கு உண்டு.

இரண்டு துறையைக் கற்றால் இரண்டிலும் அரைகுறையாகி விடுவோமோ என்று அஞ்சுவோர், சுவாமி விபுலாநந்தரை நினைவிற் கொள்க. அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். அவருடைய தமிழுக்கு விஞ்ஞானம் இடையூறாகவில்லை, துணையாக நின்றது.

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். போகந்தோறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கின்றது. விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி, மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி ஆகியன அங்கே முடிவாகின்றன. வட்டவிதானைமாரும் விவசாயிகளும் அனுபவத்தால் பேசுகின்றனர். படித்த பிள்ளைகளோ கையில் பட்டம் இருந்தும் பின்வரிசையில் மௌனமாக நிற்கின்றனர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நின்றவர்களே. வாசிக்கப்பட்ட சுற்றறிக்கை நமக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று கேட்கவும் வெட்கம். அந்த வெட்கம் அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்பதே நம் ஆசை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகள், வாய்ப்புள்ள இடத்தில் பொதுக்கொள்கையையோ அரசியல் விஞ்ஞானத்தையோ துணைப்பாடமாக எடுக்கட்டும். இரண்டாவது, அங்கே எழுதும் கட்டுரைக்குத் தூரதேசத்துப் பொருளைத் தேடாமல், நம் குளம், நம் குடிநீர், நம் யானைத் தொல்லை ஆகியவற்றுள் ஒன்றை எடுக்கட்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகங்களிடம் தகவல் கேட்க நமக்கு வழி தந்திருக்கின்றது. மூன்றாவது, எழுதியதன் ஒரு பிரதியைச் சங்க நூல்நிலையத்தில் வைக்கட்டும். பத்து ஆண்டில் பத்துக் கட்டுரை சேர்ந்தாலும், ஆரம்பக் கூட்டத்தில் எழுந்து பேசுபவருக்கு அது பெருந்துணை.

பெரியோர்களே, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அப்பிள்ளை குளக்கட்டில் வந்து நின்று கேள்வி கேட்கும்போது, “உனக்கென்ன தெரியும்?” என்று திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் அனுபவம் இன்னும் எந்த நூலிலும் ஏறவில்லை. அதை எழுதி வைக்க ஒரு பிள்ளை வந்திருக்கின்றது என்று எண்ணி, பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுங்கள்.