கடல்மீன் தொட்டி பால் மாதிரி ஆன ராத்திரி

கடல்மீன் தொட்டி பத்திப் பேசினதுக்கு அப்புறம் எனக்கு அதிகமா வந்த கேள்வி இதுதான்: "ப்ரோ, தண்ணி வெள்ளையா கலங்கிடுச்சு, என்ன ஊத்தணும்?" இதுக்கு என் பதில், எதையும் ஊத்தாதீங்க. இதை நான் படிச்சுட்டுச் சொல்லல. ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஊத்தினேன். ஊத்தினது வோட்கா.

சிரிக்காதீங்க. கடல்மீன் வளர்க்கிறவங்க நடுவுல அது ரொம்ப நாளா இருக்கிற ஒரு முறை. அதைச் சொல்றதுக்கு முன்னாடி தொட்டியைப் பத்திச் சொல்லிடறேன்.

வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் வாடகை வீடு. ஹால்ல 180 லிட்டர் தொட்டி. அதுல ஒரு ஜோடி க்ளவுன் மீன், மஞ்சள் வால் டாம்செல் ஒண்ணு, க்ளீனர் இறால் ஒண்ணு. க்ளவுன் ஜோடியைக் கொளத்தூர்ல வாங்கினேன். ஞாயித்துக்கிழமை அங்க போனவங்களுக்குத் தெரியும், தெரு முழுக்க மீன்தான். இது ரெண்டும் கடல்ல பிடிச்சது இல்ல, ஹேச்சரியில பொரிச்சது. க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிற தொழில்நுட்பத்தை மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து மையத்துல ரொம்ப நாளாவே செய்றாங்க. தொட்டிக்குள்ள இருக்கிற பாறையும் செராமிக்தான். யாராவது "மன்னார் வளைகுடா லைவ் ராக்" அப்படின்னு விக்க வந்தா வாங்காதீங்க. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, அதாவது புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம்.

சரி, வோட்கா. மீன் சாப்பிடுது, கழிவு போடுது. கழிவுல அம்மோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அவ்வளவு விஷம் இல்ல, ஆனா சேர்ந்துகிட்டே போகும். எனக்கு 40 பிபிஎம் காட்டிச்சு. இதைக் குறைக்க நேர்மையான வழி, தண்ணி மாத்தறது. சோம்பேறி வழி, தொட்டிக்குக் கொஞ்சம் கார்பன் கொடுக்கறது. ஆல்கஹாலைச் சாப்பிடுற பாக்டீரியா பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்து உள்ள இழுத்துக்கும். அந்த பாக்டீரியாவைப் புரோட்டீன் ஸ்கிம்மர் நுரையோட வெளிய தள்ளிடும். தத்துவம் சரியானதுதான். ஆனா அளவு? 100 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லியில ஆரம்பிச்சு, வாரக்கணக்குல மெதுவா ஏத்தணும். இன்சுலின் சிரிஞ்சுல அளந்து ஊத்தற சமாச்சாரம் இது.

நான் ரெண்டு வாரம் ஒழுங்கா 0.2 மில்லி ஊத்தினேன். நைட்ரேட் அசையல. அப்ப ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் நெருங்கிட்டு இருந்தது, எல்லாமே ரெண்டு வாரத்துல ரிசல்ட் காட்டணும்னு பழகின மூளை. ஒரு புதன்கிழமை நேரா 3 மில்லிக்குத் தாவினேன். வியாழன் 3. வெள்ளி 3.

வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தா தொட்டிக்குப் பின்னாடி இருந்த பாறை தெரியல. அப்பா தூத்துக்குடியில இருந்து வந்திருந்தார். "ஏலே, மீன பாலுக்குள்ள விட்டு வச்சிருக்கியே" அப்படின்னார். அவருக்கு ஏற்கெனவே என் தொட்டி மேல ஒரு வருத்தம். உப்பளம் இருக்கிற ஊர்ல பொறந்துட்டு நான் டப்பாவுல உப்பு வாங்கறேனாம். அளத்து உப்புல சோடியம் குளோரைடைத் தவிர வேற எதுவும் பெருசா மிஞ்சாது, கடல்ல இருக்கிற மெக்னீசியம், கால்சியம் எல்லாம் வேணும்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ஏத்துக்கிட்ட மாதிரி தெரியல.

சனிக்கிழமை காலையில நான் செஞ்சதை வரிசையா சொல்றேன். மணல் கிளம்பியிருக்கும்னு நெனச்சு 54 லிட்டர் தண்ணி மாத்தினேன். மத்தியானம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்தது, சாயங்காலம் முன்னைவிட வெள்ளை. உடனே, நல்ல தண்ணி மீன் வளர்த்த காலத்து பாட்டில் ஒண்ணு அலமாரியில இருந்தது, "தண்ணி தெளிய வைக்கும்" அப்படின்னு போட்ட மருந்து, அதை ஊத்தினேன். அரை மணி நேரத்துல ஸ்கிம்மர் நுரை பொங்கித் தரை எல்லாம் ஈரம். ஸ்கிம்மரை ஆஃப் பண்ணிட்டுப் படுத்துட்டேன்.

ஒரே நாள்ல மூணு மாற்றம், எதுக்குமே ரோல்பேக் கிடையாது. ஆபீஸ்ல ஒரு ஜூனியர் இப்படிப் பண்ணியிருந்தா நானே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

இங்க கதையை நிறுத்திட்டு, அன்னைக்குக் காலையில நான் என்ன பண்ணியிருக்கணும்னு சொல்றேன். ரெண்டு கண்ணாடி டம்ளர் போதும். தொட்டித் தண்ணியை ரெண்டுலயும் எடுங்க. ஒண்ணை ஒரு ராத்திரி அசைக்காம வைங்க. தூசியா இருந்தா அடியில படியும். உயிருள்ளதா இருந்தா படியாது, காலையிலயும் அதே கலங்கல். இன்னொரு டம்ளர்ல ஒரு ஸ்பூன் வெள்ளை வினிகர் ஊத்துங்க. சில நிமிஷத்துல தெளிஞ்சா, அது கால்சியம் கார்பனேட். பவளத் தொட்டிக்குப் போடற அராகனைட் மணலோட தூசியா இருக்கலாம், இல்லன்னா கால்சியம் கரைசலையும் ஆல்கலினிட்டி ஏத்தற கரைசலையும் ஒண்ணு மேல ஒண்ணா ஊத்தி, ரெண்டும் சேர்ந்து பொடியாகிப் போயிருக்கலாம். வினிகர் ஊத்தியும் தெளியல, ராத்திரி வச்சும் படியலன்னா பாக்டீரியா. நிறம் பச்சையா இருந்தா டெஸ்டே வேணாம், பாசி. அப்புறம் இன்னொண்ணு, பம்ப் காத்தை உறிஞ்சி விடற பொடி நீர்க்குமிழியையும் கலங்கல்னு நெனச்சுப் பயப்படறவங்க இருக்காங்க. பம்ப்பை ரெண்டு நிமிஷம் நிறுத்தினா தெரிஞ்சிடும்.

தூசின்னா மெல்லிசான ஃபில்டர் பஞ்சு போட்டுக் காத்திருந்தா போதும், மீனுக்கு ஆபத்து இல்ல. பொடியான கால்சியமும் தானா அடங்கும், ஆல்கலினிட்டியை மட்டும் அளந்து பாருங்க. பாக்டீரியாதான் வேற கதை. கண்ணுக்கு மூணுமே ஒரே வெள்ளை.

தண்ணி மாத்தினது ஏன் உதவலன்னு ஒரு கணக்கு. 180-ல 54 லிட்டர்னா 30 சதவீதம். மிச்சம் 70 சதவீத பாக்டீரியா உள்ளேயேதான் இருக்கு. எழுபது திரும்ப நூறாக, ஒரு தடவை இரட்டிப்பாகுற நேரத்துல பாதி போதும். சாப்பாடு கிடைச்சா இந்த வகை பாக்டீரியா மணிக்கணக்குல இரட்டிப்பாகும். அந்தச் சாப்பாடு நான் மூணு நாளா ஊத்தினது. நான் நாலு மணி நேரம் பக்கெட் தூக்கினதை அது சாயங்காலத்துக்குள்ள சரிகட்டிடுச்சு.

ஆனா வெள்ளை நிறம் மீனைக் கொல்லாது. பெருகற அந்த பாக்டீரியா அத்தனையும் மூச்சு விடுது, அதுதான் கொல்லும். 28 டிகிரியில நல்ல தண்ணி ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் வரைக்கும் பிடிச்சு வைக்கும். அதே சூட்டுல கடல் தண்ணி 6.4 தான். சென்னை வெயில்ல தொட்டி 28-க்கு மேலயே இருக்கும். ஆக, ஏற்கெனவே குறைச்சலான காத்து, அதுல மீனுக்குப் போட்டியா கோடிக்கணக்கான பங்காளி. காத்தைக் கலக்கிவிட்டுட்டு இருந்த ஒரே பெரிய மெஷின் ஸ்கிம்மர். அதை நான் ஆஃப் பண்ணிட்டேன்.

ராத்திரி ரெண்டரைக்குக் கரண்ட் போச்சு. ஃபேன் நின்ன சூட்டுல முழிச்சேன். இன்வெர்ட்டர் லைனுக்குத் தொட்டியோட ப்ளக்கை மாத்தணும்னு ஒரு வருஷமா நெனச்சுட்டே இருந்தேன். மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தா க்ளவுன் ரெண்டும் மேல்மட்டத்துல, வாயைத் தொறந்து தொறந்து மூடுது. செவுள் அடிக்கிற வேகத்தை எண்ண முடியல. டாம்செல் ஒரு மூலையில சாஞ்சு நிக்குது.

எனக்கு ஒண்ணும் ஓடல. நிஜமாவே மொபைல்ல தேடிட்டு இருந்தேன். அப்பா எழுந்து வந்து பார்த்தார். "மூச்சு முட்டுதுலே அதுக்கு" அப்படின்னுட்டு சமையலறைக்குப் போய் ரெண்டு சொம்பு எடுத்துட்டு வந்தார். ஒண்ணு என் கையில. தொட்டியில மொண்டு, கைய உசத்தி, மேல இருந்து திரும்பத் தொட்டிக்குள்ளயே ஊத்தறார். காபி ஆத்தற மாதிரி. தண்ணி விழுந்து நுரைச்சு உள்ள போகும்போது காத்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுது. ஏர் பம்ப் பண்றதும் அதேதான். நான் இன்ஜினியரிங்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர் பாஸ் பண்ணவன்.

ரெண்டரையில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஆளுக்கு ஒரு சொம்பு. முட்டி வலிக்குதுன்னு நடுவுல ஸ்டூல் போட்டு உக்காந்துகிட்டார். "நீங்க படுங்கப்பா" அப்படின்னேன். "நீ ஊத்து" அப்படின்னார். அவ்வளவுதான் பேச்சு.

பெரிய க்ளவுன் நாலு மணி வாக்குல பக்கவாட்டுல சாஞ்சது, எழும்பல. அவதான் அந்த ஜோடியில பெண். சின்னவனும், டாம்செலும், இறாலும் தாக்குப் பிடிச்சாங்க. இறால் பொழச்சது இன்னிக்கும் ஆச்சரியம்தான். அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஸ்கிம்மரைப் போட்டேன், மூடியை எடுத்துட்டு, பவர்ஹெட்டைத் தண்ணி மேல்மட்டம் அலையடிக்கிற மாதிரி திருப்பினேன். அப்பா பெரியவளைப் பேப்பர்ல சுத்தி, கீழ அபார்ட்மென்ட் வேப்பமரத்தடியில புதைச்சுட்டு வந்தார். நான் போகல.

ஞாயிறு காலையில ஒரு ஏர் பம்ப் வாங்கினேன், கூடவே பேட்டரியில ஓடறது ஒண்ணு. பெரிய விலை இல்ல. இதை வாங்காம கடல் தொட்டி ஆரம்பிக்காதீங்கன்னு இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன். வோட்காவை நிறுத்தினேன். ரெண்டு நாள் தீனி போடல. அம்மோனியாவைக் காலையிலயும் சாயங்காலமும் அளந்தேன், ஏன்னா கடல் தண்ணியோட பிஎச்-ல கொஞ்சம் அம்மோனியாகூட நல்ல தண்ணியைவிட விஷம் ஜாஸ்தி. ஏறல. ஃபில்டரைத் தொடல. இந்த நேரத்துல ஃபில்டர் பஞ்சையும் செராமிக் வளையத்தையும் குழாய்த் தண்ணியில கழுவறவங்க இருக்காங்க. குளோரின் பட்டா உங்களுக்கு வேணுங்கிற பாக்டீரியாதான் முதல்ல போகும், கலங்கல் அப்படியே இருக்கும், மேல அம்மோனியாவும் ஏறும். யூவி விளக்கு வச்சா இந்தக் கலங்கல் சீக்கிரம் தெளியும், அது உண்மை. எனக்கு அது தேவைப்படல. ஊத்தின சாப்பாடு தீர்ந்ததும் பாக்டீரியா தானா குறைஞ்சது. திங்கள் பனி மாதிரி இருந்தது. செவ்வாய் பாறை தெரிஞ்சது. புதன் காலையில இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் சுவத்துல இருக்கிற சுவிட்ச்போர்டு தெரிஞ்சது.

நைட்ரேட் பத்தாவது கேப்பீங்க. இப்ப 15. வாரம் 20 லிட்டர் மாத்தறேன், அவ்வளவுதான் டெக்னாலஜி.

சின்னவன் சில மாசம் தனியா இருந்தான். க்ளவுன் மீன்ல பெண் போயிட்டா ஆண் பெண்ணா மாறிடும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச தகவல், ஆனா நம்ம தொட்டியில நடக்கும்போது பார்க்கறது வேற. உடம்பு பருத்தது, பவர்ஹெட் பக்கத்துல இருந்த பெரியவளோட இடத்தை எடுத்துக்கிச்சு, கையை உள்ள விட்டா கடிக்க வருது. அதுக்கப்புறம் கொளத்தூர் போய் ஒரு சின்னதை வாங்கி விட்டேன். போன மாசம் வீடியோ கால்ல அப்பா தொட்டியைக் காட்டச் சொன்னார்.

"அன்னைக்குப் பொழச்சானே, அவனா இது?"

"ஆமாப்பா. ஆனா இப்ப அவன் இல்ல, அவ."

கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தார். "ப்ளக்க மாத்திட்டியா?" அப்படின்னு கேட்டார்.

மாத்திட்டேன். அடுத்த எபிசோட்ல ஆர்ஓ தண்ணி பத்திப் பேசலாம். வினிகர் டெஸ்ட் பண்ணிப் பார்த்தவங்க என்ன வந்ததுன்னு எழுதுங்க.