ஒரு ஜவுளிக்கடைக்காரரின் 90 வருஷம்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று ஒரு பெரியவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். பெரியவர் என்றவுடன் யாரோ ராஜா என்றோ, மகான் என்றோ, மலைமேல் தவம் செய்தவர் என்றோ எண்ணிவிடாதீர்கள். அவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் செய்த சம்சாரி. அவர் இறந்து 300 வருஷம் ஆகிவிட்டது. நம் ஊர்க்காரருமல்ல, நம் தேசத்தாருமல்ல. அப்படிப்பட்டவரைப் பற்றி இங்கு பேசுவானேன் என்று கேட்கலாம்.

நம் ஜனங்களிடம் எதையாவது யோசித்துப் பாருங்கள் என்று சொன்னால் இரண்டு பதில் தயாராக இருக்கிறது. "நாம் என்ன படித்துக் கிழித்துவிட்டோம்?" என்பது ஒன்று. "பிழைப்பைப் பார்க்கவே பொழுது காணவில்லை, இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க நமக்கு நேரம் ஏது?" என்பது மற்றொன்று. இந்த இரண்டு பதிலையும் சொல்ல நம்மைவிட அதிகப் பாத்தியதை உள்ள மனிதர் ஒருவர் இருந்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் பேச வந்தோம்.

ஒல்லாந்து தேசத்தில் டெல்ப்ட் என்பது ஒரு நகரம். அங்கு 1632ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கூடை முடைகிற ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர் ஆண்டன் வான் லூவன்ஹாக். சிறு பையனாயிருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். 16 வயதில் ஆம்ஸ்டர்டாம் பட்டணத்துக்கு அனுப்பி ஒரு துணிக்கடையில் வேலை பழக விட்டார்கள். 1654இல் ஊர் திரும்பி, கலியாணம் செய்துகொண்டு, சொந்தத்தில் கடை வைத்தார். அந்தக் காலத்தில் அங்கு படித்தவன் என்றால் லத்தீன் தெரிந்தவன் என்று அர்த்தம். நம் நாட்டில் சமஸ்கிருதம் உட்கார்ந்திருந்த பீடத்தில் அங்கு லத்தீன் உட்கார்ந்திருந்தது. இவருக்கு அதில் பழக்கமில்லை. சாகிறவரையில் அவருக்கு இருந்ததெல்லாம் தாய்மொழியாகிய டச்சு ஒன்றுதான்.

முதல் மனைவிக்கு 5 குழந்தைகள் பிறந்தன. 4 குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே மாண்டுபோயின. மரியா என்ற பெண் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். 1666இல் மனைவியும் இறந்தார். பிறகு 1671இல் மறுமணம் செய்துகொண்டார். அந்த அம்மையாரும் 1694இல் இறந்துபோனார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வரவேண்டியிருக்கிறது.

கடை வருமானம் மட்டும் போதாமலோ என்னவோ, 1660இல் நகரசபையில் ஒரு சேவக உத்தியோகம் ஏற்றுக்கொண்டார். நீதி விசாரிக்கிற அதிகாரிகள் கூடும் அறையைத் திறப்பது, மூடுவது, சுத்தமாக வைப்பது, குளிர்காலத்தில் கணப்பு மூட்டுவது, அங்கே காதில் விழுந்ததை வெளியே சொல்லாமலிருப்பது. இதுதான் அந்த உத்தியோகத்தின் நிபந்தனை. நம் கச்சேரிகளில் டவாலி போட்டு நிற்பவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1669இல் நில அளவைப் பரீட்சையில் தேறினார். 1676இல், கடனோடு இறந்துபோன வெர்மீர் என்ற ஓவியர் குடும்பத்தின் சொத்து விவகாரத்தைப் பார்க்கும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. இன்று அந்த வெர்மீரின் படங்கள் உலகமெல்லாம் பிரசித்தம். அன்று அவர் சம்சாரமும் 11 பிள்ளைகளும் பட்ட பாடு வேறு. 1679இல் ஊருக்கு வரும் திராட்சை மதுப் பீப்பாய்களை அளந்து பார்க்கும் வேலையும் கிடைத்தது. ஆக, கடை, கச்சேரி, அளவு வேலை, குடும்பம் எல்லாம் போக மிஞ்சிய நேரந்தான் அவருடையது. தோழர்களே, நமக்கும் அவ்வளவு நேரம் மிஞ்சத்தான் செய்கிறது.

அந்த மிஞ்சிய நேரத்தில் அவர் செய்தது என்னவென்றால், கண்ணாடி செய்தார். ஜவுளிக்கடைக்காரர்கள் துணியின் இழை நெருக்கத்தை எண்ணிப் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருப்பது வழக்கம். மற்றவர்கள் இழையை எண்ணி விலையைச் சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். இவர் வைக்கவில்லை. மிளகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளைத் தம் கையாலேயே செய்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் பதித்து, வெளிச்சத்துக்கு நேரே கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். முழுக் கருவியும் ஒரு விரல் நீளந்தான். இப்படி 500க்கு மேல் கண்ணாடிகள் செய்தார். அவற்றில் இன்று மீதியிருப்பவை ஒரு கை விரல், இரண்டு கை விரலில் எண்ணக்கூடியவை. அவற்றுள் சிறந்தது ஒரு பொருளை 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

1674இல் அவர் ஊருக்குப் பக்கத்து ஏரி ஒன்றில் தண்ணீர் பச்சை பச்சையாக மாறிற்று. பனி பெய்வதால் அப்படி ஆகிறது என்று சுற்றுவட்டாரத்து ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சொல்கிறார்களே என்று இவர் தலையாட்டவில்லை. ஒரு குப்பியில் மொண்டு வந்து வீட்டில் வைத்துப் பார்த்தார். பச்சைப் பாசி சுருள் சுருளாக இருந்தது. அதற்கு நடுவில் உயிருள்ள பிராணிகள் ஓடின. மனித ஜாதி அதுவரை கண்டிராத பிராணிகள் அவை.

அடுத்தது மிளகு. நம் பக்கத்துக் கடலெல்லாம் சுற்றி டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் கீழ்நாடுகளிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்களே, அதே மிளகுதான். அது நாக்கில் ஏன் உறைக்கிறது? அதில் கண்ணுக்குத் தெரியாத முள் இருக்குமோ? இப்படி ஒரு சந்தேகம் அவருக்கு. மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு 1676இல் பார்த்தார். முள் இல்லை. ஆனால் ஏரித் தண்ணீரில் கண்டதைவிட மிக மிகச் சிறியவை எண்ணிலடங்காமல் துள்ளின. இன்று நாம் பாக்டீரியா என்றும் கிருமி என்றும் சொல்கிறோமே, அவற்றை மனிதன் கண்டது அப்போதுதான். உறைப்புக்குக் காரணம் தேடிப் போனவருக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தது அதைவிடப் பெரிது.

1673 முதல் இவர் தாம் கண்டவற்றை லண்டனிலுள்ள ராயல் சொசைட்டி என்னும் விஞ்ஞான சங்கத்துக்கு டச்சு மொழியிலேயே கடிதமாக எழுதிவந்தார். துளித் தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கான பிராணிகள் என்று எழுதியதும் அங்கிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். நமக்கு இதில் குறை ஒன்றும் தோன்றவில்லை. சந்தேகப்பட்டது நியாயந்தான். இவரும், "நான் கண்டேன், நீ நம்பு, நம்பாவிட்டால் நரகம்" என்று சொல்லவில்லை. பாதிரிகள் உள்பட ஊரில் மதிப்புள்ள 8 பேரை அழைத்துக் காட்டி, அவர்கள் கண்ணால் கண்டதை எழுதி வாங்கி அனுப்பினார். லண்டனிலும் ராபர்ட் ஹூக் என்பவர் தாமே மிளகை ஊறவைத்து, 1677 நவம்பரில் சங்கத்தார் முன்னால் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். 1680இல் இந்த ஜவுளிக்கடைக்காரரைச் சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டிலோ ரிஷி ஞானதிருஷ்டியில் கண்டது என்பார்கள். எங்கே, எனக்கும் காட்டு என்று கேட்டவன் நாஸ்திகன்!

நிற்க, சாஸ்திரக்காரர்கள் உயிர்கள் நான்கு வகையில் பிறக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். முட்டையில் பிறப்பது, கருப்பையில் பிறப்பது, வித்தில் பிறப்பது, வேர்வையில் பிறப்பது. பேன் வேர்வையில் உண்டாகிறதாம்! இந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஐரோப்பாவிலும் பெரிய பெரிய பண்டிதர்கள் தானியத்திலிருந்து தானாகவே வண்டு பிறக்கிறது என்றும், புழுதியிலிருந்து தெள்ளுப்பூச்சி உண்டாகிறது என்றும் எழுதிக்கொண்டிருந்தார்கள். லூவன்ஹாக் ஏட்டைப் புரட்டவில்லை. தம் காலுறைக்குள் பேனை விட்டுக் கட்டி, நாள் கணக்கில் கடி பொறுத்துக்கொண்டு, பிறகு அவிழ்த்து முட்டைகளை எண்ணினார். தானிய வண்டும் தெள்ளுப்பூச்சியும் தாய் தகப்பன் இல்லாமல் பிறப்பதில்லை என்று முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார். அந்தக் காலுறையைத் துவைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

1683இல் தம் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். தினந்தோறும் உப்பு வைத்துப் பல் துலக்குகிறவர்தான். அப்படியும் அதில் பிராணிகள் நெளிந்தன. ஆயுளில் ஒருநாளும் வாயைச் சுத்தம் செய்யாத ஒரு கிழவரைப் பிடித்து, அவர் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். கேட்க வேண்டுமா? ஒரு தேசத்து ஜனத்தொகையைவிட மனிதன் வாயில் இருப்பவை அதிகம் என்று எழுதினார். காலையில் சூடாகக் காப்பி குடித்தபின் பார்த்தால் முன்பற்களில் உள்ளவை செத்துக் கிடந்ததையும் பின்னொரு சமயம் கண்டு எழுதினார்.

இவரிடம் குறையே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. குறையில்லாதவர் என்று சொன்னால் அவரையும் சாமியாக்கின குற்றம் நம்மைச் சேரும். கண்ணாடி செய்யும் முறையை யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்தார். அவரோடு அந்த வித்தை போய்விட்டது என்று 300 வருஷம் அதிசயப்பட்டார்கள். 2021இல் ஒல்லாந்து விஞ்ஞானிகள் மிஞ்சியிருந்த கருவிகளைப் பிரிக்காமலே ஊடுருவிப் பார்த்தார்கள். அவற்றில் சிறந்த கருவியில் இருந்தது, முன்பு சொன்னோமே, அந்த ஹூக் புத்தகத்தில் எழுதியிருந்த முறைப்படி கண்ணாடியை உருக்கி உருட்டின மணிதான்! நம் நாட்டு வைத்தியர்கள் மருந்தைப் பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் சாவதை நாம் கண்டிக்கிறோம். இதையும் கண்டிக்கத்தான் வேண்டும். அன்றியும், அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவர். இருந்தாலும் துளித் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் பைபிளைத் திறக்கவில்லை; குப்பியைத்தான் திறந்தார்.

இப்போது அந்த 4 குழந்தைகளுக்கு வருவோம். அந்தக் காலத்தில் பிள்ளையைப் புதைக்காத வீடு அந்த ஊரில் அபூர்வம். அசுத்தமான தண்ணீரும், கழுவாத கையும், ஒட்டு வியாதியும் குழந்தைகளைக் கொண்டுபோயின. குழந்தைகளைக் கொல்லும் கிருமிகளின் இனத்தை உலகத்தில் முதன்முதல் கண்ணால் பார்த்தவர், 4 பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பன். பார்த்தும், இதனால்தான் வியாதி என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் கண்டதை வேடிக்கையாக வைத்துக்கொண்டார்களே தவிர, படித்த கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை. ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் வாந்திபேதிக்குக் காரணமான கிருமியைத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே ஜனங்கள் புழங்கின ஒரு குளத்துத் தண்ணீரிலேயே அதைக் கண்டது 1884இல். 1676க்கும் 1884க்கும் நடுவில் 208 வருஷம்! அந்த 208 வருஷத்தில் நம் ஊர்களில் வாந்திபேதி வந்தபோதெல்லாம் அம்மன் கோபம் என்று ஆட்டை வெட்டினோம், கூழ் ஊற்றினோம், தேர் இழுத்தோம். பிறகு அதே குளத்தில் தண்ணீர் மொண்டு குடித்தோம். எத்தனை தாய்மார் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள் என்று கணக்கெடுத்தவர் யார்?

அவரைப் பார்க்க ராஜாக்கள் வந்தார்கள். ருஷிய அரசர் பீட்டர் 1698இல் டெல்ப்டுக்குப் படகில் வந்து, விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் லூவன்ஹாக் வேலையை விடவில்லை. 50 வருஷம் எழுதினார். 90 வயதில் நெஞ்சுக்குக் கீழே அடிக்கடி துடிக்கும் ஒரு வியாதி கண்டது. அந்தத் துடிப்பு எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் கவனித்து எழுதினார். சாந்தி செய்யச் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்தபடியே ஒரு சிநேகிதரை அழைத்து, கடைசியாக எழுதிய இரண்டு கடிதங்களை லத்தீனில் பெயர்த்து லண்டனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, 1723 ஆகஸ்டு 26ந் தேதி இறந்தார். மகள் மரியா கலியாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அவரோடு இருந்தவர். தகப்பனார் சொல்லி வைத்திருந்தபடி, 26 வெள்ளிக் கருவிகள் அடங்கிய பெட்டியை அந்த அம்மாளே லண்டன் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார்.

தோழர்களே, நேரமாகிவிட்டது. மேஜைமேல் இருப்பது பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் நம்மை நம்பி இரவல் கொடுத்த பூதக்கண்ணாடிக் கருவி. பக்கத்துக் கிண்ணத்தில் இருப்பது இந்த ஊர் தெப்பக்குளத்துத் தண்ணீர். இன்று காலையில்தான் மொண்டு வந்தோம். தாய்மார்களும் குழந்தைகளும் முதலில் வரட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பாருங்கள். கருவியைக் கையால் தொட்டு அசைக்காதீர்கள்.