மண வாழ்வின் முதல் ஆண்டும் இயக்கத்தின் பொறுப்பும்

(இளம் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டுதோறும் உறுப்பினர் புதுப்பித்தல் நடைபெறும்போது கிளைகளின் பட்டியலிலிருந்து சில பெயர்கள் விடுபடுகின்றன. காரணம் கேட்டால், "அந்தத் தோழருக்குத் திருமணம் ஆகிவிட்டது" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அவ்வாறு விடுபடுவது பெரும்பாலும் பெண் தோழரின் பெயராகவே இருக்கிறது. அதே ஆண்டில் மணம் முடித்த ஆண் தோழரின் பெயர் பட்டியலில் தொடர்கிறது. சில இடங்களில் கூடுதல் பொறுப்போடும் தொடர்கிறது. ஒரே நிகழ்வு ஒருவரை இயக்கத்திலிருந்து வெளியேற்றுகிறது, மற்றவரை அப்படியே விட்டுவைக்கிறது என்றால், அதைத் தனிப்பட்ட குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. திருமணத்தின் முதல் ஆண்டை எளிதாக்கும் வழிகளைப் பேசும்போது, அது யாருக்கு எளிதாக இருக்கிறது, யாருக்குக் கடினமாக இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

1884இல் வெளிவந்த "குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்" என்ற நூலில் எங்கெல்ஸ், குடும்பத்தின் வடிவம் சொத்துறவுகளோடு சேர்ந்தே மாறிவந்ததை விளக்கினார். சோவியத் ஆட்சி அமைந்த பின்னர், 1919இல் லெனின், சட்டத்தில் சமத்துவம் வந்த பிறகும் சமையலறையின் சில்லறை வேலைகள் பெண்ணை நசுக்குவதைச் சுட்டிக்காட்டி, பொது உணவகங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் வலியுறுத்தினார். இவற்றைப் படித்துத் தேர்ந்த தோழரின் வீட்டிலும், முதல் வாரத்தில் அடுப்பைப் பற்றவைத்தவரே ஐம்பதாவது வாரத்திலும் பற்றவைத்துக் கொண்டிருப்பது உண்டு. வீட்டின் வழக்கங்கள் தீர்மானம் போட்டு வருவதில்லை. யாரும் பேசாமல் இருப்பதாலேயே அவை நிலைபெறுகின்றன. முதல் ஆண்டில் வாய்திறந்து பேசி முடிவெடுப்பது எளிது. பத்தாண்டுப் பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

உதவி அல்ல, பங்கு

2019ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். அவ்வாறு ஈடுபட்டவர்களுள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர். கூலியில்லாத இந்த ஐந்து மணி நேர உழைப்பின் மேல்தான் மறுநாள் ஆலைக்குப் போகும் தொழிலாளியின் உடல் தயாராகிறது. முதலாளி அதற்கு விலை கொடுப்பதில்லை. அந்தச் சுமை முழுவதையும் மனைவியின் தோளில் ஏற்றிவிட்டு, உழைப்புச் சுரண்டலைப் பற்றி மேடையில் பேசுவது பொருந்தாது.

நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான். மணமான முதல் சில வாரங்களுக்குள் இருவரும் அமர்ந்து வீட்டு வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுத வேண்டும். சமையல், துவைத்தல், பெருக்குதல் மட்டும் போதாது. தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைப்பது, எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வது, மளிகை தீருமுன் நினைவுகொள்வது, பெற்றோரின் மருந்தை வாங்குவது ஆகியவையும் வேலைகளே. பிறகு, வேலைகளை முழுமையாகப் பிரிக்க வேண்டும். இரவுச் சமையலை ஏற்பவர் காய்கறி வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை ஏற்க வேண்டும். மனைவி சொல்லச் சொல்லக் காய் நறுக்கித் தருவது பங்கீடு ஆகாது. என்ன செய்வது என்று யோசிக்கும் சுமை அவரிடமே தங்கிவிடுகிறது. மாதம் ஒருமுறை வேலைகளை மாற்றிக்கொண்டால் எந்த வேலை எவ்வளவு கடினம் என்பது இருவருக்கும் தெரியும். சமைக்கத் தெரியாது என்பது முதல் மூன்று மாதங்களுக்கு மேல் செல்லுபடியாகும் காரணம் அல்ல. பெங்களூரு ஆடை ஆலைகளிலும் பிற இடங்களிலும் இருவரும் வெவ்வேறு வேலைநேரங்களில் உழைக்கும் வீடுகளில், முதலில் வீடு திரும்புகிறவர் உலை வைப்பது என்ற எளிய விதியே பல சண்டைகளைத் தவிர்த்துவிடும்.

இருவருக்கும் தெரிந்த கணக்கு

முதல் ஆண்டின் பூசல்கள் பலவற்றுக்கு வேர் பணத்தில் இருக்கிறது. திருமணத்துக்கு வாங்கிய கடனோடு பல இணையர்கள் வாழ்க்கையைத் தொடங்குகின்றனர். எளிய திருமணம் என்று இயக்கம் வலியுறுத்துவதன் பயன் இங்கேதான் தெரியும். கடன் இருந்தால், யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்பதை மறைக்காமல் முதல் மாதத்திலேயே எழுதிவிட வேண்டும். இருவரின் ஊதியமும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாடகை, கடன் தவணை, இரு தரப்புப் பெற்றோருக்கும் அனுப்பும் தொகை, கட்சிக்குரிய லெவி, சேமிப்பு ஆகியவற்றை ஒதுக்கிய பின், இருவர் கையிலும் கணக்குக் கேட்கப்படாத ஒரு சிறு தொகை இருப்பது நல்லது. பெண்ணின் ஊதியத்திலிருந்து அவருடைய பெற்றோருக்குப் பணம் போவதைக் குறையாகக் கருதும் வழக்கம் இன்னும் சில தோழர்களின் வீடுகளிலும் இருக்கிறது. அது நிலவுடைமைக் காலத்தின் எச்சம்.

பெண்ணுக்கு அவருடைய பெற்றோர் அளித்த நகை அவருக்கே உரியது என்பதை உச்ச நீதிமன்றம் 1985இலேயே உறுதிசெய்தது. இருசக்கர வாகனம் வாங்கவோ தம்பியின் படிப்புக்கோ அதை அடகு வைப்பது என்றால், அது அவருடைய விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்க வேண்டும். மீட்கும் நாளும் குறிக்கப்பட வேண்டும்.

ஆவணங்களையும் தள்ளிப்போடக் கூடாது. திருமணத்தைப் பதிவு செய்வது முதல் வேலை. மணமாவதற்கு முன் வருங்கால வைப்பு நிதியில் தாய் அல்லது தம்பியின் பெயரில் தரப்பட்ட வாரிசு நியமனம், குடும்பம் அமைந்தவுடன் செல்லாததாகிவிடுகிறது. புதிய நியமனம் தர வேண்டும். பணிக்கொடைக்கும் இவ்வாறே. ஈஎஸ்ஐ பதிவில் இணையரின் பெயரைச் சேர்க்காவிட்டால், நோய் வரும் நாளில் மருத்துவமனை வாசலில் அலைய நேரிடும்.

நேரமும் இடமாறுதலும்

கட்சிப் பணியில் இருப்பவரின் மாலைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் கையில் இருப்பதில்லை. புதிதாக மணந்தவருக்கு இது கடினமே, அவரும் தோழராக இருந்தாலும் கூட. கூட்டங்களின் தேதிகளை மாதத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து வைப்பது, திரும்ப நேரமானால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வது, வாரத்தில் ஒரு மாலையையேனும் இருவருக்காக ஒதுக்கி அதில் வேறு நிகழ்ச்சியை ஏற்காதிருப்பது ஆகிய மூன்றும் பெரிய தியாகங்கள் அல்ல. இருவரும் உறுப்பினர்கள் என்றால், ஒரே நாளில் இரு கூட்டங்கள் வரும்போது யார் போவது என்பது முறைவைத்து முடிவாக வேண்டும். ஒவ்வொரு முறையும் மனைவியே வீட்டில் தங்குவது என்றால், அங்கே முறை எதுவும் இல்லை என்றே பொருள்.

இந்தியாவில் திருமணம் என்றால் பெரும்பாலும் பெண்ணே ஊர் மாறுகிறார். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கோ, கோலாரிலிருந்து பெங்களூருக்கோ, ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கோ போகும் பெண் தோழரின் உறுப்பினர் இடமாற்றம் பற்றி அனுப்பும் கிளையும் அக்கறை கொள்வதில்லை, ஏற்கும் கிளையும் விசாரிப்பதில்லை. புதிய ஊர், சில வேளைகளில் புதிய மொழி, புதிய உறவுகள் எல்லாம் ஒரே மாதத்தில் அவர்மேல் வந்து விழுகின்றன. அந்த நேரத்தில் இயக்கத்தின் முகமாக ஒரு தோழர்கூட அவரைத் தேடிப் போகாவிட்டால், அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. மணமான மாதத்துக்குள் இடமாற்றக் கடிதம் அனுப்புவதையும், புதிய ஊரின் பெண் தோழர் ஒருவர் நேரில் சென்று பார்ப்பதையும் கிளைகள் கட்டாய நடைமுறையாகக் கொள்ள வேண்டும்.

பெரியவர்களோடு வாழ்தல்

மும்பையின் சால்களில் ஒரே அறைக்குள் மாமனார், மாமியார், கொழுந்தன், புது இணையர் என்று ஐந்து பேர் வாழும் வீடுகள் உண்டு. அங்கே தனிமை என்பது வாடகைக்குக் கிடைக்காத பொருள். பெரியவர்கள் கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும் நேரங்களை வீட்டாரே மனமுவந்து அமைத்துத் தருவதும், இணையர் வாரத்தில் ஒரு நாள் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போய் வருவதும் சிறிய ஏற்பாடுகள். ஆனால் அவையே முதல் ஆண்டைத் தாங்கிப் பிடிக்கின்றன.

மாமியாரை எதிரியாகக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களின் பார்வை இங்கே உதவாது. அவரும் ஒரு காலத்தில் இதே சுமையைச் சுமந்தவரே. ஆனால், தாயிடம் பேச வேண்டியதை மகன்தான் பேச வேண்டும். மனைவியை முன்னே தள்ளிவிட்டு நடுநிலை வகிப்பது கோழைத்தனம். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுவதும் நல்லது. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகையோடு வாழ்வதாகக் கூறுகிறது. வறுமையோடு சேர்ந்து, கடைசியாக உண்ணும் வழக்கமும் பெண்ணின் உடலைத் தேய்க்கிறது.

குழந்தை எப்போது?

மணமான சில மாதங்களிலேயே "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை இணையருக்கு மட்டுமே உண்டு. இறுதிச் சொல் பெண்ணுடையது, ஏனெனில் சுமப்பது அவருடைய உடல். படிப்பு, வேலை, கடன், உடல்நலம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு இருவரும் திருமணத்துக்கு முன்பே இதைப் பேசியிருக்க வேண்டும். அதே ஆய்வில், பெண் கருத்தடை அறுவையைச் சார்ந்திருக்கும் இணையர் 37.9 சதவீதம், ஆண் கருத்தடையைச் சார்ந்திருப்போர் 0.3 சதவீதம். குடும்பக் கட்டுப்பாடு முழுவதும் பெண்ணின் கடமையாக மாறிவிட்டதை இந்த இரு எண்களும் காட்டுகின்றன. ஆணுறை பயன்படுத்துவதும், ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே செல்வதும் ஆண் தோழர்கள் உடனே ஏற்கக்கூடிய பொறுப்புகள்.

பூசலும் வன்முறையும்

கருத்து வேறுபாடு இல்லாத வீடு இல்லை. கோபத்தில் இருக்கும்போது பழைய கணக்குகளை எடுக்காமல் அன்றைய பிரச்சினையை மட்டும் பேசுவது, பெற்றோரையும் சாதியையும் ஊரையும் இழுக்காதிருப்பது, பேச முடியாத நிலையில் மறுநாள் மாலைக்குத் தள்ளிவைத்து அந்த மாலையில் கட்டாயம் பேசுவது ஆகிய பழக்கங்களை முதல் ஆண்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம். விமர்சனம், சுயவிமர்சனம் என்று கிளைக்கூட்டத்தில் சொல்லப்படுவது வீட்டுக்கும் பொருந்தும். ஆனால், வீட்டில் அது பெரும்பாலும் விமர்சனமாக மட்டுமே நின்றுவிடுகிறது.

ஒன்றை மட்டும் தெளிவாகப் பிரிக்க வேண்டும். அடிப்பதும் வரதட்சணை கேட்பதும் "கருத்து வேறுபாடு" என்ற கணக்கில் சேரா. மணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானதாக அதே ஆய்வு பதிவு செய்கிறது. ஆண்டுதோறும் 6,000க்கும் மேற்பட்ட வரதட்சணை மரணங்கள் காவல்துறைக் கணக்கில் ஏறுகின்றன. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டமும் மாதர் இயக்கங்களின் நீண்ட போராட்டங்களின் விளைவுகள். பின்னதன் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் கூட்டாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. வன்முறை நடந்தால், "அனுசரித்துப் போ" என்று அறிவுரை கூறும் தோழர், அறிந்தோ அறியாமலோ அடித்தவரின் பக்கம் நிற்கிறார். 181 என்ற மகளிர் உதவி எண் ஒவ்வொரு கிளையின் பலகையிலும் எழுதப்பட வேண்டும்.

சாதி, மதம் கடந்து மணந்தவர்களுக்கு முதல் ஆண்டு உயிருக்கே ஆபத்தான காலமாக இருக்கக்கூடும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ள 30 நாள் முன்னறிவிப்பு, எதிர்ப்பாளர்களுக்கு வாய்ப்பாகிவிடுகிறது. இத்தகைய இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் தனிப் பிரிவுகளும் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று அளித்த தீர்ப்பில் ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற வைக்கும் போராட்டமும், அதுவரை அந்த இணையருக்கு வீடும் வேலையும் துணையும் தேடித் தருவதும் இயக்கத்தின் கடமை. மாலை மாற்றும் மேடையோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை.

தோழர்களே,

குழாயில் தண்ணீர் வராத தெருவில், குழந்தைக் காப்பகம் இல்லாத ஆலையில், பாதி ஊதியத்தை வாடகை விழுங்கும் நகரத்தில் எந்த இணையரும் தங்கள் நல்லெண்ணத்தால் மட்டும் நிம்மதியாக வாழ்ந்துவிட முடியாது. தண்ணீருக்கும் காப்பகத்துக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குமான போராட்டங்கள் இல்லறத்துக்கான போராட்டங்களும் ஆகும். ஆயினும், சமூகம் மாறும் வரை வீட்டில் தட்டைக் கழுவாமல் காத்திருப்பதற்கு அது காரணமாகாது.

அடுத்த புதுப்பித்தலின்போது ஒவ்வொரு கிளைச் செயலாளரும் கடந்த ஆண்டில் மணமான தோழர்களின் பெயர்களைத் தனியாக எழுதிப் பார்க்க வேண்டும். அவர்களுள் எத்தனை பெண்கள் இன்றும் கூட்டத்துக்கு வருகிறார்கள், வராதவர்களைத் தேடி யார் போனார்கள் என்ற இரு கேள்விகளுக்கும் கிளைக்கூட்டத்தில் விடை அளிக்கப்பட வேண்டும்.