அப்பா ஒளித்து வைத்த கத்தி

(கோவையில் இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்று நடத்திய ஒருநாள் கைவேலைப் பயிற்சியில், வேலை தொடங்கும் முன் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

மேசைமேல் இரண்டு பொருட்களை வைத்திருக்கிறேன். ஒன்று, லேத் பட்டறையில் இரும்பு அறுத்து அறுத்துப் பல் மழுங்கிப்போன பவர் ஆக்சா பிளேடு. நேற்று காயலான் கடையில் எடைக்கு வாங்கியது. இன்னொன்று, அதே மாதிரி ஒரு பிளேடிலிருந்து என் அப்பா செய்த கத்தி. கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. செய்தபோது இதைவிட இரண்டு விரல் நீளம் அதிகம். தீட்டித் தீட்டித் தேய்ந்துவிட்டது.

அப்பா செருப்பு தைத்தவர். நாங்கள் அருந்ததியர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு புங்க மரத்தடியில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். இன்று மாலைக்குள் நீங்கள் ஒவ்வொருவரும் இப்படி ஒரு கத்தி செய்யப் போகிறீர்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் பேசச் சொன்னார்கள்.

பழைய இரும்பில் கத்தி செய்வதைப் பற்றி யூடியூபில் எத்தனையோ காணொளி இருக்கிறது. பின்னணியில் நல்ல இசை, தாடி வைத்த ஒருவர், பளபளவென்று ஒரு பட்டறை. நானும் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பவள்தான். அங்கே அது பொழுதுபோக்கு. எங்கள் வீட்டுக் கதை வேறு. கடையில் விற்கிற சமையல் கத்தி தோலுக்கு நிற்காது. நிற்கிற கத்தியை வாங்கக் காசு கிடையாது. அதனால் செய்தார்.

எப்படிச் செய்தார் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. ஒளிந்து பார்த்தேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மரத்தடிக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை இருந்தது. கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், தெருவுக்கு இரண்டு இருந்த காலம். அப்பா உள்ளே போக மாட்டார். வாசலில் நின்று, “ஏனுங்க, தேஞ்ச பிளேடு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்பார். அவரைவிட இருபது வயது சின்னவரான முதலாளி, “இருந்தா போடறன், போடா” என்பார். முதலாளி சாப்பிடப் போன மதிய நேரத்தில், அங்கே வேலை பார்த்த ஓர் அண்ணன் கூப்பிட்டுச் சாணைச் சக்கரத்தை ஓட்டிவிடுவார். பதிலுக்கு அந்த அண்ணனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் செருப்பு தைக்க அப்பா காசு வாங்கியதில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கணக்கு அது.

பவர் ஆக்சா பிளேடு எல்லாமே ஒரே இரும்பு இல்லை. சில முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீல். சிலவற்றில் பல் வரிசை மட்டும்தான் ஹைஸ்பீடு, முதுகு வேறு உருக்கு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அப்பா பிளேடின் முதுகை ஒரே ஒரு கணம் சக்கரத்தில் தொட்டு எடுப்பார். மங்கிய சிவப்பில், விட்டுவிட்டுப் பொறி வந்தால் பையில் போட்டுக்கொள்வார். வெளிச்சமாக, மத்தாப்பு மாதிரி சிதறினால், “இது பூப்பூக்குது, ஆகாது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பூவுக்குப் பெயர் கார்பன். உருக்கில் இருக்கும் கார்பன் காற்றில் எரிந்து வெடிப்பதுதான் மத்தாப்பு. ஹைஸ்பீடு ஸ்டீலிலும் கார்பன் உண்டு. கூடவே டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் எல்லாம் கலந்திருப்பதால் பொறி மங்கிப்போகும். அந்தக் கலவையால் இன்னொரு லாபமும் உண்டு. சாதாரண கார்பன் உருக்கு சாணை பிடிக்கும்போது நீலம் பூத்துவிட்டால், அதாவது 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேறிவிட்டால், பதம் போய்விடும். அப்புறம் அந்தக் கத்தி ஒரு வாரத்தில் மழுங்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் 600 டிகிரிக்குப் பக்கத்தில் போகும்வரை விறைப்பை விடாது. விவரம் தெரியாத கை கொஞ்சம் சூடேற்றிவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும்.

முக்கியமான விஷயம், அது ஏற்கெனவே பதம் போட்டு வந்த இரும்பு. உலை வேண்டாம், துருத்தி வேண்டாம். இதன் அருமை என் தாத்தாவுக்குத் தெரியும். அவர் ஊரில் இருந்தவர். கத்தி வேண்டுமென்றால் கொல்லர் வீட்டு உலைக்குத்தான் போக வேண்டும், அதுவும் வேலிக்கு வெளியே. கூப்பிடும்வரை நிற்க வேண்டும். நாள் முழுக்க நிற்க வைத்துவிட்டு, நாளைக்கு வா என்ற நாட்களும் உண்டு என்பார். கொல்லரையும் அந்த ஊர் மேலே உட்கார வைத்திருக்கவில்லை, அவருக்கும் களத்து மேட்டில் அளந்து போடுகிற தானியம்தான் கூலி. ஆனாலும் எங்களை நிற்க வைக்க அவருக்கு ஒரு வேலி இருந்தது. படிநிலை என்று நாம் இங்கே உட்கார்ந்து படிக்கிறோமே, அதை என் தாத்தா வெயிலில் நின்று படித்தார். அப்பா டவுனுக்கு வந்து குப்பையில் கிடந்த பிளேடை எடுத்தபோது, அந்த வேலி முன்னால் போய் நிற்பது முடிந்தது.

இப்போது ஒளிந்து பார்த்த கதை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவர் இல்லாத நேரம் கத்தியை எடுத்து, ஒரு வார்த் துண்டை அவரைப் போலவே நெஞ்சுப் பக்கம் இழுத்து அறுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் வந்தது. அப்பா வந்து பார்த்தார். என்னை அடித்தே அறியாதவர், அன்று கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கையாலேயே கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, “இதுல கைய வெச்சின்னா உன்னையும் இங்கயே உக்கார வெச்சுருவாங்க கண்ணு. போயி எழுது” என்றார். அன்றிலிருந்து கத்தி வீட்டுக்கே வரவில்லை. மரத்தடியிலேயே பலகைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வருவார்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தேன். முதல் வருடம் ஃபிட்டிங். அரம் பிடித்து ஓர் இரும்புத் துண்டைச் சமமாக ராவ வேண்டும். மூன்று வாரம் கை கொப்பளித்து, ஒருவழியாகச் சமமாக வந்தது. ஆசிரியர் மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “உங்க ஆளுங்களுக்கு இதையெல்லாம் சொல்லியா தரணும்? ரத்தத்துலயே இருக்கும்” என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். என் கொப்பளம் அவர் கண்ணில் படவில்லை. அதற்கு முன் நான் அரத்தைத் தொட்டதுகூட இல்லை.

அடுத்த வருடம் உலோகவியல் பாடத்தில் பொறிச் சோதனை வந்தது. ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு மங்கிய சிவப்புப் பொறி, கார்பன் உருக்குக்கு வெடித்துப் பரவும் பொறி, படம் வரைந்து பாகங்களைக் குறி. வரைந்தேன், மதிப்பெண் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். “இதையெல்லாமா புஸ்தகத்துல போட்டிருக்காங்க?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முப்பது வருடமாகச் செய்தபோது அது கூலிக்காரன் வேலை. நான் தாளில் வரைந்ததும் அது அறிவியல்.

நம் உருக்கின் பெருமை வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். கொடுமணலில், நொய்யல் கரையில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை அகழாய்வில் கண்டது உண்மை. தென்னிந்திய உருக்கை ஆங்கிலேயர் ‘ஊட்ஸ்’ என்று எழுதினார்கள், அதன் ரகசியத்தைத் தேடி அலைந்தார்கள், அதுவும் உண்மை. 1820ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் அதை ஆராய்ந்த இருவரில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்து விற்றவர். இன்னொருவர் மைக்கேல் ஃபாரடே, கொல்லரின் மகன், புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். இங்கிலாந்தில் வர்க்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை, அவர்கள் நம்மைச் சுரண்டவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அங்கே கத்தி செய்தவரும் கொல்லர் மகனும் உலையைக் கவனித்துவிட்டு, அதே கையால் கட்டுரை எழுத முடிந்தது. இங்கே செய்யத் தெரிந்தவர் ஒரு தெருவில், எழுதத் தெரிந்தவர் வேறு தெருவில். இந்தத் தெருக் கணக்கைப் பேசாமல் உருக்கின் பெருமையை மட்டும் பேசுகிறவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள். சரி தோழர், கைத்தொழிலும் அறிவு என்கிறீர்கள், அப்படியானால் தந்தை தொழிலைப் பிள்ளை கற்பதில் என்ன தவறு?

1953இல் ராஜாஜி இதைத்தான் கேட்டார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருவுக்கு வந்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போனது. எழுபது வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள். கொல்லர், குயவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளி, செருப்பு தைப்பவர் எல்லோரும் அதில் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். பணம் தேவையில்லை என்று சொல்ல நான் யார்? என் அப்பாவுக்கு அந்த 15,000 கிடைத்திருந்தால் வாசலில் நின்று பிளேடு கேட்டிருக்க மாட்டார். சிக்கல், பரம்பரையாக அந்தத் தொழில் செய்யும் குடும்பம் என்ற கணக்கிலும், 18 வயது போதும் என்ற வரம்பிலும் இருந்தது. 18 வயது என்பது கல்லூரிப் படி ஏறுகிற வயது. அந்த வயதுப் பிள்ளையிடம் போய், இந்தா உன் அப்பன் ஊசி, இந்தா கடன் என்று நீட்டினால் வறுமையில் இருக்கும் வீடு எதை எடுக்கும்?

தமிழ்நாடு அரசு குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்கச் சொன்னது, வயதை 35 ஆக்கச் சொன்னது. நடக்கவில்லை. பிறகு குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. அது களத்தில் எப்படி நடக்கிறது என்பதை நாம் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும், அது வேறு பேச்சு. ஆனால் அந்த 35 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

ஏனென்றால் அவர் எனக்குக் கத்தியைக் கொடுத்தார். எப்போது தெரியுமா? வேலைக்கான உத்தரவைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று. படிக்கச் சொல்லிக் கேட்டார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் பலகைக்கு அடியில் கையை விட்டுக் கத்தியை எடுத்து, “கண்ணு சரியாத் தெரியறதில்ல, இதக் கொஞ்சம் தீட்டிக் குடு” என்றார். கல்லை நனைத்து, எந்தச் சரிவில் வைக்க வேண்டும், மறுபக்கம் எழும்பும் பிசிறை எப்படி நீவ வேண்டும், எல்லாவற்றையும் என் விரலைப் பிடித்துக் காட்டினார். பத்து வருடம் பூட்டி வைத்ததை ஒரு சாயங்காலத்தில் திறந்துவிட்டார். இனி இந்த மரத்தடியில் என்னை யாரும் உட்கார வைக்க முடியாது என்று தெரிந்த பிறகு.

அருவாளைப் பற்றியும் கேட்பீர்கள். லாரிப் பட்டையை அடித்துச் செய்வது. அதுவும் பழைய இரும்புதான், நல்ல உருக்கு. சினிமாவில் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் மண்ணின் வீரம் என்று பாட்டு வருகிறது. அந்த வீரம் யார் கழுத்தில் இறங்கியது என்று நமக்குத் தெரியும். இன்று நாம் செய்வது தோல் அறுக்கிற கத்தி. ஒரு ஜாண் நீளம். யாரும் இதற்குப் பாட்டு எழுத மாட்டார்கள்.

சரி, வேலை. பிளேடை நீளத்துக்கு ஒடிக்கும்போது பழந்துணி சுற்றித்தான் ஒடிக்க வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் வளையாது, கண்ணாடி மாதிரித் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் யாரும் சக்கரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டாம். முதலில் பல்லைத் தேய்த்து எடுங்கள். முனையைச் சாய்வாக வெட்டுங்கள். கூர் ஒரு பக்கம் மட்டும், மறுபக்கம் தட்டையாக இருக்கட்டும், தோல் அப்போதுதான் நேராக அறுபடும். கையில் பிடிக்க முடியாத சூடு வருவதற்குள் தண்ணீரில் காட்டுங்கள். சிவக்கவிட்டுத் தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். கைப்பிடிக்கு ஓட்டை போடப் பார்க்காதீர்கள், சாதாரண டிரில் பிட் தேயுமே ஒழிய பிளேடு விடாது. டியூப்தான், இழுத்துப் பிடித்து மூன்று சுற்று. கடைசியில் எண்ணெய்க் கல், பிறகு தோல் வாரில் நாலு இழுப்பு.

முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு பழைய செருப்புக்கு அடி வெட்டித் தைக்கிறீர்கள். அவரவர் செருப்பு இல்லை, பக்கத்தில் இருப்பவரின் செருப்பு. இங்கே எல்லாச் சாதி வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். பழைய செருப்பைக் கையில் வாங்கும்போது சிலருக்கு ஒரு நொடி கை தயங்கும். தயங்கினால் மறைக்க வேண்டாம், அதைப் பற்றிச் சாயங்காலம் பேசலாம்.

அந்த வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாங்க, யாராவது ஒருவர்.