சொன்ன வாயும் மறுத்த வாயும்

இன்னிக்கு எபிசோடு ஒரே ஒரு கேள்வியைப் பத்தினது. "இயேசுவே ஆண்டவர்"னு வாயால சொன்னா ஒருத்தருக்கு இரட்சிப்பு கிடைச்சுடுமா? அப்படின்னா, பயத்துல அதே வாயால "எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை"ன்னு சொல்லிட்டா, கிடைச்சது போயிடுமா?

யூத் கேம்ப் போனவங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கடைசி நாள் ராத்திரி. கீபோர்டு மெதுவா ஓடிட்டிருக்கும். எல்லாரும் கண்ணை மூடியிருப்போம். மேடையில இருக்கிறவர் "என் பின்னாடி சொல்லுங்க"ன்னு ஒரு ஜெபம் சொல்லிக்கொடுப்பார். நான் மூணு கேம்ப்ல மூணு தடவை கை தூக்கியிருக்கேன். முதல் தடவை சரியா சொல்லலையோன்னு ஒரு பயம். பாஸ்வேர்டுல ஒரு எழுத்து தப்பாயிட்ட மாதிரி.

இதுக்கு ஆதாரமா காட்டுற வசனம் ரோமர் 10:9. வாயால அறிக்கை, இருதயத்துல விசுவாசம், ரெண்டையும் சேர்த்து பவுல் இரட்சிப்பைப் பத்திப் பேசுற இடம். இதை ரெண்டு ஸ்டெப்பா படிக்கிறோம். ஆனா வாயும் இருதயமும் பவுல் புதுசா போட்ட பட்டியல் இல்லை. தேவனுடைய வார்த்தை தூரத்துல இல்லை, உன் வாயிலயும் இருதயத்துலயும் இருக்குன்னு உபாகமம் 30ல மோசே சொல்ற இடத்தைத்தான் அவர் எடுத்து விளக்குறார். அதாவது, நீ ஏறிப் போய் எடுத்துட்டு வர வேண்டியது எதுவும் இல்லை, அது ஏற்கெனவே உன் பக்கத்துல வந்துடுச்சு. பாஸ்வேர்டுக்கு நேர் எதிரான விஷயம் இது.

அப்போ வாய்க்கு வேலையே இல்லையா? இருக்கு. அது என்ன வேலைன்னு புரிய, கி.பி. 250க்குப் போகணும்.

அப்போ ரோமப் பேரரசர் டேசியஸ். பேரரசுல இருக்கிற எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்கணும், பலி இறைச்சியைக் கொஞ்சம் சாப்பிடணும், அதிகாரிங்க முன்னாடி செஞ்சு சான்றிதழ் வாங்கிக்கணும்னு ஆணை. அந்தச் சான்றிதழுக்கு லத்தீன்ல 'லிபெல்லஸ்'னு பேர். எகிப்துல 40க்கு மேல கிடைச்சிருக்கு, எல்லாம் பாப்பிரஸ்ல எழுதினது. கிட்டத்தட்ட ஒரே டெம்ப்ளேட்: பேர், ஊர், எப்பவும் பலி கொடுத்துட்டுத்தான் வர்றேன்ங்கிற வாக்குமூலம், கீழ கையெழுத்து. முதலைத் தெய்வத்துக்குப் பூசாரியா இருந்த ஒரு பெண்மணிகூட ஒண்ணு வாங்கியிருக்காங்க! அவங்களுக்கு அது வெறும் பேப்பர் வேலை. ஒரு கிறிஸ்தவருக்கு அது "ஆண்டவர் யாரு?"ங்கிற கேள்வி.

இன்றைய துனிசியாவில் இருக்கிற கார்த்தேஜ் நகரத்துக்கு அப்போ பிஷப் சிப்ரியான். அங்க நடந்ததை அவரே எழுதி வெச்சிருக்கார். யாரும் பிடிச்சு இழுக்கறதுக்கு முன்னாடியே சபை மக்கள் பலி கொடுக்க ஓடினாங்களாம். சாயங்காலமாச்சு, நாளைக்கு வாங்கன்னு அதிகாரிங்க சொன்னா, இன்னிக்கே முடிச்சுக் கொடுங்கன்னு கெஞ்சினவங்களும் உண்டாம். இன்னும் சிலர் பலி கொடுக்காமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிட்டாங்க. மறுக்காம நின்னு ஜெயிலுக்குப் போனவங்களுக்கு 'அறிக்கை செஞ்சவங்க'ங்கிற அர்த்தத்துல 'கன்ஃபெஸ்ஸர்'னு பேர். சிப்ரியான்? அவர் ஊரை விட்டுப் போய் ஒளிஞ்சுக்கிட்டு, கடிதம் மூலமா சபையை நடத்தினார். அதுக்காக அவரைக் குறை சொன்னவங்க இருந்தாங்க.

டேசியஸ் 251ல போர்ல செத்துட்டார். இப்போதான் கஷ்டமான கேள்வி. மறுதலிச்சவங்க அழுதுக்கிட்டுத் திரும்பி வர்றாங்க. என்ன பண்றது? ரோம்ல நோவேஷியன்னு ஒரு மூப்பர், தேவன் மன்னிக்கலாம், ஆனா சபை இவங்களைத் திரும்பச் சேர்க்கக் கூடாதுன்னு நின்னார். கார்த்தேஜ்ல எதிர்ப்பக்கம்: கன்ஃபெஸ்ஸர் கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தைக் காட்டி, உடனே சேர்த்துக்கோன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, மறுதலிக்கவும் ஒரு பேப்பர், திரும்பி வரவும் ஒரு பேப்பர்.

சிப்ரியான் ரெண்டையும் ஏத்துக்கல. 251ல ஆயர்கள் கூடி முடிவெடுத்தாங்க. சான்றிதழ் மட்டும் வாங்கினவங்களை, ஒவ்வொருத்தர் நிலைமையையும் விசாரிச்சுச் சேர்க்கலாம். பலி கொடுத்தவங்க நீண்ட காலம் மனஸ்தாபப்படணும், மரணத் தருவாயில சேர்த்துக்கலாம். ஆனா ஒண்ணு ரெண்டு வருஷத்துலேயே அடுத்த துன்புறுத்தல் வரும்போல இருந்துச்சு. உடனே, மனம் திரும்பிக் காத்திருந்த எல்லாரையும் சேர்த்துக்கிட்டாங்க. காரணம் என்ன தெரியுமா? திருவிருந்து கொடுக்காம, அடுத்த தடவை உறுதியா நில்லுன்னு எப்படிச் சொல்றது?

நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். சரியா சொன்னா உள்ள விடுவோம்னு அவங்க முடிவு பண்ணல. உள்ள சேர்த்துச் சாப்பாடு போட்டாத்தான் சொல்ற பலம் வரும்னு முடிவு பண்ணினாங்க. அறிக்கை இரட்சிப்புக்கான கட்டணம் இல்லை. கிருபையைத் தின்னு வளர்ற ஒண்ணு.

அதனால அறிக்கை லேசானதுன்னு ஆயிடாது. 258ல, வலேரியன் காலத்துல, சிப்ரியானை ஆளுநர் முன்னாடி நிறுத்தினாங்க. பலி கொடுக்கச் சொன்னாங்க. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒளிஞ்ச அதே மனுஷன், இந்தத் தடவை முடியாதுன்னார். செப்டம்பர் 14 அன்னிக்குத் தலையை வெட்டிட்டாங்க.

கடைசியா ஒரு சின்ன விஷயம். ரோமர் 10:9ல வர்ற கிரேக்க வினைச்சொல் 'ஹோமோலோகெயோ'. ஒரே மாதிரி சொல்றது, ஒத்துக்கறதுன்னு அர்த்தம். பாவங்களை அறிக்கையிடறதைப் பத்தி 1 யோவான் 1:9 பேசுதே, அங்கேயும் இதே சொல்தான். தமிழ் வேதாகமத்துலயும் ரெண்டு இடத்துலயும் 'அறிக்கை'தான். "நீரே ஆண்டவர்"னு சொல்றதும் அறிக்கை, "நான் உம்மை மறுத்தேன்"னு சொல்றதும் அறிக்கை. மூணு தடவை மறுதலிச்ச பேதுருவும் திரும்பி வந்தார்.

அதனால, ஆபீஸ்ல சாப்பாட்டு டேபிள்ல யாரோ கேட்டப்போ "நான் அப்படியெல்லாம் பெரிசா நம்பறதில்லை"ன்னு சிரிச்சு மழுப்பிட்டு, அப்புறம் தூக்கம் வராமப் புரண்டவங்க யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா, அடுத்த கேம்ப்ல மறுபடி கை தூக்க வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி அவர்கிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை போய்ச் சாப்பாட்டுல உட்காருங்க. அடுத்த தடவை யாராவது கேட்கும்போது வாய் திறக்கும்.