முற்றின வெண்டைக்காயை எறிந்துவிடாதீர்கள்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கிஃப்ட் பேப்பரைப் பற்றிப் பேச ரிட்டயர் ஆன பேங்க் கிளார்க்கா என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் ஸ்டாம்பு குத்தியவன் நான். அச்சு வேலை எனக்குப் புதிதில்லை.

விஷயம் போன பொங்கலில் ஆரம்பித்தது. வழக்கம்போல நம் வாட்ச்மேன்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் துணிமணி வாங்கி, பளபளவென்ற தாளில் சுற்றிக் கொடுத்தோம். நானும் உட்கார்ந்து செல்லோடேப் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து, நம் குப்பையைப் பிரிக்கிற அம்மா என்னிடம் சொன்னார்: "சார், புடவை நல்லா இருக்குது. ஆனா சுத்திக் குடுத்த பேப்பர் இருக்கே, அதைப் பேப்பர் கடையில எடுக்க மாட்டாங்க. நியூஸ்பேப்பர்ல சுத்தியிருந்தா எடையில சேர்ந்திருக்கும்." குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அவர் கையால் மறுபடி பொறுக்கிக் கொடுங்கையூருக்கு அனுப்ப வேண்டிய பொருளில் சுற்றி, அவருக்கே பரிசு கொடுத்திருக்கிறோம்.

பளபளக்கும் தாளில் பெரும்பாலானவை தாளே அல்ல. அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலம். சோதித்துப் பார்ப்பது சுலபம். கையில் வைத்துக் கசக்குங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். மெல்ல விரிந்து எழுந்தால் பிளாஸ்டிக்.

சரி, அதற்குப் பதில் என்ன? நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட், பழைய நியூஸ்பேப்பர், இரண்டும் போதும். மாதக் காலண்டரின் வழவழத் தாள் வேண்டாம், சாயம் ஒட்டாமல் இழுபடும். சாயத்துக்கு, துணியில் வரைகிற ஃபேப்ரிக் பெயின்ட். காசு செலவழிக்க மனமில்லையென்றால் கெட்டியான கஞ்சியில் மஞ்சள்தூளைக் குழையுங்கள். அதில் துளி வெற்றிலைச் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி மாதிரி சிவந்துவிடும். வெயிலில் மஞ்சள் வெளுக்கும்தான். பரிசைப் பிரிக்கும்வரை இருந்தால் போதாதா?

அச்சுக்கு வெண்டைக்காய். மார்க்கெட்டில் நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடியாததை ஒதுக்குகிறோமே, அந்த முற்றின காய்தான் வேண்டும். பிஞ்சு, அழுத்தினால் நசுங்கிவிடும். காம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நேராக வெட்டினால் கைப்பிடியோடு ஒரு பூ கிடைக்கும். வெட்டிய உடனே சாயத்தில் தொடாதீர்கள். கொழகொழப்பு போக, பத்து நிமிஷம் பழைய பேப்பர் மேல் கவிழ்த்து வைத்துத் துடையுங்கள். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் வலைபோல ஓர் அச்சு வரும். தீப்பெட்டியில் சணல் கயிற்றைச் சுற்றினால் கோடுகள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி மாங்காய் வடிவம் செதுக்கலாம். நான் பேத்தி பெயரின் முதல் எழுத்து 'க'வைச் செதுக்கினேன். அச்சில் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக வந்தது. வாழ்நாளெல்லாம் ஸ்டாம்பில் எழுத்து திருப்பியிருப்பதைப் பார்த்தவன், அதையே மறந்தேன்!

இனி என் தொழில் ரகசியம். காயைச் சாயக் கிண்ணத்தில் முக்காதீர்கள். தட்டில் ஈரத் துணியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் இரண்டு ஸ்பூன் சாயத்தைத் தடவுங்கள். அதுதான் ஸ்டாம்பு பேட். அச்சிடும் தாளுக்கு அடியில் பழைய டவல் ஒன்றை மடித்து விரியுங்கள். அடி மெத்தென்று இருந்தால்தான் அச்சு முழுதாக விழும். செங்குத்தாக வைத்து அழுத்தி, நகர்த்தாமல் நேராக எடுக்க வேண்டும். ஒரு தடவை தொட்டால் இரண்டு அச்சு வரும். இரண்டாவது சற்று மங்கலாக இருக்கும். எனக்கு அதுதான் அழகு. ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். புடவையில் புட்டா போட்டிருப்பதுபோல, ஒரு வரிசைப் பூக்களுக்கு இடையில் அடுத்த வரிசைப் பூ விழட்டும்.

இந்த வேலை நம் மண்ணுக்கு அந்நியமில்லை. மெட்ரோ ஸ்டேஷன் பெயராக தினமும் காதில் விழும் காலடிப்பேட்டை, உண்மையில் காலட்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களையும் துணியில் சித்திரம் தீட்டுவோரையும் குடியேற்றிய ஊர் இது. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. இந்தக் கரையிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணிகளுக்கு ஐரோப்பாவில் அப்படியொரு கிராக்கி. உள்ளூர் நெசவாளர் பிழைப்பு போகிறதென்று பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்தும் 1700-இல் ஒரு சட்டம், போதாமல் 1721-இல் இன்னொன்று கொண்டுவந்தது. இரண்டு ராஜ்யங்கள் சட்டம் போட்டுத் தடுத்த சரக்கின் ஊரில் உட்கார்ந்து நாம் பிளாஸ்டிக் பூவைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அச்சிட்ட தாளை நிழலில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். மொட்டைமாடியில் போட்டால் நாலு மூலையிலும் கல் வையுங்கள்; நம் கடல்காற்று விடாது. துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நிற்பதற்கு முன், ராயபுரத்து மாடிகளில் இதைக் காயவைத்திருந்தால் கறுப்புப் புள்ளியும் இலவசமாக விழுந்திருக்கும். எண்ணூர் பக்கம் இருக்கும் சொந்தக்காரர்கள் இப்போதும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பொட்டலத்தைக் கட்ட செல்லோடேப் வேண்டாம். பூக்காரம்மாவிடம் வாழைநார் கேளுங்கள். நனைத்துக் கட்டினால் இறுகப் பிடிக்கும்.

இந்தப் பொங்கலுக்கு நாம் பதினான்கு பொட்டலம் கட்ட வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் கூடுவோம். சாயமும் பிரவுன் ஷீட்டும் சங்கச் செலவு, பொருளாளரிடம் கேட்டாகிவிட்டது. நீங்கள் ஒரு பழைய டவல், ஒரு தட்டு, முற்றின வெண்டைக்காய் நாலு கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். கத்தி மட்டும் அவர்கள் கையில் வேண்டாம், வெட்டித் தர நான் இருக்கிறேன்.