விறகு பிளக்கும் ஆப்பு

பெங்களூரைச் சுற்றிலும் தைலமரத்தைக் கன்னட மக்கள் ‘நீலகிரி’ என்றே அழைக்கின்றனர். நம் மலையின் பெயர் அங்கு விறகாகக் கிடக்கிறது! முறுக்கிழை கொண்ட அம்மரம் கோடரிக்கு எளிதில் இணங்காது. ஆதலால் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிளவுப் பொறியைத் தாமே அமைக்க முனைவோர், பெரிய உருளையைத் தேடுகின்றனர். நாம் ஆப்பையே முதலில் நோக்கச் சொல்வோம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் 11 டன்னுக்கு மேல் தள்ளும். ஆப்பு மழுங்கியதாயின் அவ்வளவும் மரத்தை நசுக்குவதிலேயே கழியும். முனை மெலிந்து நுழைதல் வேண்டும். பிளவு கண்டபின் அது முனைக்கு முன்னே ஓடுமாதலின், பின்புறம் அகன்று இருபுறமும் தள்ளினாற் போதும். முழுவதும் மெலிந்த ஆப்போ பச்சை மரத்திற் சிக்கிக்கொள்ளும். இன்னொன்று: கைப்பிடியை விட்டதும் ஆப்பு நிற்குமாறு வால்வை அமைத்தல் வேண்டும். ஒருவர் கட்டையைப் பிடிக்க மற்றொருவர் பொறியை இயக்குவது அறவே கூடாது. விரல்கள் போவது அப்பொழுதே.